லிஸ்டில் இருந்த மலையெல்லாம் ஏறியாச்சு, சந்தோஷம் மட்டும் வரவில்லை. உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கிறதா?

பேரூர்_பையன்:

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். கோவையில் ஐடி வேலை, முப்பத்தைந்து ஆகப்போகிறது, உடம்பில் பெரிய குறை எதுவும் இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் தொப்பை விழுந்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தபோது போனில் ஒரு லிஸ்ட் எழுதி வைத்தேன். வெள்ளியங்கிரி, பர்வதமலை, தலைமலை, கொழுக்குமலை, சதுரகிரி, இன்னும் சில. நாற்பது வயதுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். வெறி பிடித்த மாதிரி ஏறியதில் நாற்பதுக்கு ரொம்ப முன்னாலேயே முடிந்துவிட்டது.

கடைசியாக ஏறியது சதுரகிரி, ஒரு பௌர்ணமிக்கு. சுந்தர மகாலிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து போனை எடுத்துக் கடைசி டிக் போட்டேன். போட்டு முடித்ததும் மனதில் வந்த முதல் நினைப்பு, அடிவாரத் தாணிப்பாறையில் இருந்து வத்திராயிருப்புக்கு அடுத்த பஸ் எப்போது என்பதுதான். உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர்கூட நிம்மதியாகக் குடிக்கவில்லை. ஸ்டேட்டஸ் போட்டேன், நிறைய பேர் கை தட்டினார்கள், இறங்கி வந்து புரோட்டா சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். அவ்வளவுதான். அன்றைக்கு ஆரம்பித்த ஒரு வெறுமை இன்னும் போகவில்லை.

மலை மட்டும் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். ஆபீசில் பதவி உயர்வு வந்தபோதும் இதே கதைதான், லெட்டர் கைக்கு வந்த சாயங்காலமே அடுத்த கிரேடுக்கு என்ன செய்யணும் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். புது வீட்டில் பால் காய்ச்சிய ராத்திரி இஎம்ஐ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எது கைக்கு வந்தாலும் வந்த நிமிஷமே அது பழசாகிவிடுகிறது.

நண்பர்கள் "அப்போ இமயமலை போ, கேதார்காந்தா 12,500 அடி, அடுத்த வருஷம் எவரெஸ்ட் பேஸ் கேம்ப்" என்கிறார்கள். பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். அதுக்கு அப்புறம் என்ன, நிலாவா?

கேள்வி இதுதான்: இதைவிடப் பெரிய மலையாகத் தேடிப் போவதா, இல்லை லிஸ்ட் போடுகிற பழக்கத்தையே விடுவதா? தத்துவப் புத்தகம் சொல்லுவதைச் சொல்ல வேண்டாம், தயவுசெய்து. நடப்பவர்கள் நடந்ததைச் சொன்னால் போதும்.


சிறுவாணித்_தண்ணி:

தம்பி, நான் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெள்ளியங்கிரி சீசன் திறந்தால், பிப்ரவரியில் இருந்து மே வரைக்கும் விடுகிறார்களே, அதற்குள் ஏறிவிடுவேன். வேறு எந்த மலைக்கும் பெரிதாகப் போனதில்லை, அதனால் எனக்குத் தெரிந்த ஒரே மலையை வைத்துத்தான் பேச முடியும்.

நீங்களும் ஏறியிருப்பதால் தெரியும், வெள்ளியங்கிரியில் தாண்ட வேண்டிய ஏழு மலையில் முதல் மலைதான் ஆளை முறிக்கும். கல்லுப்படி, படி, மறுபடியும் படி, காடு மூடிக் கிடப்பதால் எவ்வளவு ஏறினோம் என்றே தெரியாது. போன சீசனில் ஒரு ராத்திரி காலேஜ் பையன்கள் ஒரு கூட்டம் அடிவாரத்துப் பூண்டி கோயிலில் இருந்து ஓட்டமாகவே கிளம்பி எங்களைத் தாண்டிப் போனார்கள். வெள்ளை விநாயகர் கோயிலுக்குக் கிட்டே நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதே பையன்கள் படியில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தார்கள். என்னோடு வந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி, செருப்பு கிடையாது, கையில் மூங்கில் தடி. கீழே ஆரம்பித்ததில் இருந்து தேங்காய் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம், உடனே நின்று தண்ணீர் குடிப்பார். ஆறாவது மலை வரைக்கும் தேங்காய் விலை முடியவே இல்லை.

இன்னொன்று. ஏறுகிறவன் இறங்குகிறவனைப் பார்த்து "இன்னும் எவ்வளவு தூரம்ணா?" என்று கேட்பான், இறங்குகிறவன் "இதோ வந்தாச்சு, பத்து நிமிஷம்" என்பான். வழுக்குப்பாறையிலும் பத்து நிமிஷம், கைதட்டிச் சுனையிலும் பத்து நிமிஷம், பீமன் களியுருண்டைகிட்டேயும் பத்து நிமிஷம்தான். அது பொய் என்று சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். ஆனால் யாரும் "இன்னும் நாலு மலை இருக்கு" என்று சொல்லுவதில்லை. சொன்னால் அவன் அங்கேயே உட்கார்ந்துவிடுவான்.

ஏழு மலை இருப்பதில் ஒரு வசதி உண்டு தம்பி. இதுதான் உச்சி என்று ஒவ்வொரு மேட்டிலும் நினைத்து, அது இல்லை என்று ஆகி, நாலாவது ஐந்தாவது மலை வரும்போது மனசு எண்ணுவதை விட்டுவிடுகிறது. அப்போதுதான் புல்வெளியும் காற்றும் கண்ணுக்குப் படும், கீழே கோவை விளக்குகள் தெரியும். நீங்கள் எண்ணுவதை விட்டது எந்த இடத்தில்? விடவே இல்லையோ என்னவோ.


கிளாஸ்கோ_மழை:

ஸ்காட்லாந்தில் இருந்து எழுதுகிறேன். உங்களுக்கு இருக்கிற வியாதி இங்கே ஒரு நாட்டுக்கே இருக்கிறது, ஆரம்பித்த வருஷம் 1891. சர் ஹியூ மன்ரோ என்பவர் ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேலே இருக்கிற மலைகளை எல்லாம் பட்டியல் போட்டு ஸ்காட்டிஷ் மலையேற்றச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். இப்போதைய கணக்குப்படி 282 மலைகள், அவற்றுக்குப் பேரே மன்ரோ. எல்லாவற்றையும் முடித்தால் சங்கத்துக்கு எழுதிப் போட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

முதலில் முடித்ததாகச் சொல்லப்படுபவர் ராபர்ட்சன் என்ற பாதிரியார், 1901-இல். கடைசி உச்சியில் இருந்த கற்குவியலை முதலில் முத்தமிட்டுவிட்டு அப்புறம்தான் பக்கத்தில் நின்ற மனைவியை முத்தமிட்டாராம். பிறகு வந்த ஆராய்ச்சிக்காரர்கள் அவர் டைரியைக் குடைந்து, பென் வைவிஸ் என்ற மலையில் மழை காரணமாகப் பாதியில் திரும்பிவிட்டார், உச்சி தொட்டதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று கிளப்பிவிட்டார்கள். பாவம் மனுஷன்.

ஆனால் எனக்குப் பிடித்தது மன்ரோவின் கதைதான். பட்டியல் போட்டவர் பட்டியலை முடிக்கவில்லை. 1919-இல் இறந்தபோது ஏறாத மலைகள் மிச்சம் இருந்தன. அதில் ஒன்றைத் தன் வீட்டுக்குப் பக்கம் என்பதால் கடைசி மலையாக ஏற வேண்டும் என்று ஆசையாக எடுத்து வைத்திருந்தார். அவர் போய்ப் பல வருஷம் கழித்து நடந்த ஒரு திருத்தத்தில் அந்த மலையையே மன்ரோ பட்டியலில் இருந்து தூக்கிவிட்டார்கள்!

இப்படித்தான் 2012-இலும் ஒரு மலையைத் துல்லியமான கருவி வைத்து அளந்தார்கள், 3,000 அடி வரம்பைத் தொட அரை மீட்டருக்கும் குறைவான உயரம் போதவில்லை, 283 என்பது 282 ஆகிவிட்டது. முந்தின வாரம் அதில் ஏறினவனுக்கும் அடுத்த வாரம் ஏறினவனுக்கும் கால்வலி ஒன்றுதான், சேறு ஒன்றுதான். ஒருவனுக்கு டிக் உண்டு, இன்னொருவனுக்கு இல்லை.

இன்னொரு சங்கதி. இங்கே உச்சிக்குப் போனால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நான் முதன்முதலில் பென் லோமண்ட் ஏறியபோது (974 மீட்டர், எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் அதில்தான் ஆரம்பிப்பார்கள்) மேலே வெள்ளை மூட்டம், என் கை எனக்கே மங்கலாகத் தெரிந்தது. கூட வந்த ஆபீஸ்காரர் கற்குவியலுக்கு மறைவாக உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, மூக்கில் தண்ணீர் சொட்டச் சொட்ட, "அருமையான நாள்" என்றார். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். இல்லை, உண்மையாகவே சொன்னார். உச்சியில் கிடைக்கிற காட்சிதான் கூலி என்றால் இந்த நாட்டில் ஒருத்தரும் மலை ஏற மாட்டார்கள். காலையில் ஏறும் ரயில், வழியில் தின்கிற சாண்ட்விச், ஈரக் காலுறையை மாற்றுகிற சுகம், சாயங்காலம் பப்பில் உட்கார்ந்து அடிக்கிற அரட்டை, இப்படி நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள்.

அதற்காக லிஸ்ட்டைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டும் சனிக்கிழமை காலையில் படுக்கையை விட்டு என்னை எழுப்புவது அந்தப் பாழாய்ப்போன பட்டியல்தான். எழுப்பிவிட்டதும் அதன் வேலை முடிந்தது.

முடித்தவர்கள் அப்புறம் என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். 2,500 அடிக்கு மேல், 3,000-க்குக் கீழ் இருக்கிற மலைகளுக்கு இன்னொரு பட்டியல் இருக்கிறது, அதில் 222. அதற்கும் கீழே வேறொன்று. நிலாவுக்கெல்லாம் போக வேண்டாம், இவர்கள் கீழ்நோக்கி வருகிறார்கள்.


சும்மா_ஒருத்தன்:

எல்லாம் சரி, கொழுக்குமலைக்கு சூரியநெல்லியில் இருந்து ஜீப்பில்தானே போவார்கள்? ஜீப்பில் குலுங்கியதை மலையேற்றம் என்று லிஸ்டில் எப்படி எழுதினீர்கள்?


பேரூர்_பையன்:

@சும்மா_ஒருத்தன் ஜீப் நிற்கிற இடத்தில் இருந்து பாறை வரைக்கும் நடந்தேன் ஐயா. அந்த ரோட்டில் ஜீப்பில் போய்ப் பாருங்கள், நடப்பதே மேல் என்று நீங்களே சொல்வீர்கள். அதுவும் கஷ்டம்தான், கணக்கில் உண்டு.


தெற்கத்திச்_சாரல்:

மேலே இருக்கிற பதில்கள் படிக்க நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் எனக்கு ஒப்பவில்லை. உச்சி முக்கியம் இல்லை, எண்ணுவதை விடு, வழியை ரசி என்று சொல்வது ஏற்கெனவே உச்சிக்குப் போய் வந்தவர்களுக்கு எளிது. போகவே விடாதவர்களைக் கேளுங்கள்.

நான் நாகர்கோவில். எங்கள் வீட்டு ஆண்கள் கேரளப் பக்கத்து அகத்தியர்கூடம் மலைக்குப் போய்வந்து கதை சொல்வார்கள். போனக்காட்டில் இருந்து அதிருமலை முகாம், ராத்திரி அங்கே தங்கி, மறுநாள் கயிற்றைப் பிடித்துப் பாறை ஏறி, மேலே அகத்தியர் சிலை, 1,868 மீட்டர், கீழே மேகம். சின்ன வயதில் இருந்து இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். பெண்களை மட்டும் விட மாட்டார்கள். 2018-இல் கேரள உயர் நீதிமன்றம் தடை கூடாது என்று சொல்லி, 2019 ஜனவரியில்தான் முதல்முறையாகப் பெண்கள் உச்சி வரைக்கும் போனார்கள். அதற்குப் பிறகும் அனுமதிச் சீட்டு கிடைப்பது லேசில்லை. ஆன்லைனில் திறந்ததும் காலியாகிவிடும்.

எனக்குக் கிடைத்து ஏறியபோது மேலே மூட்டமும் காற்றும்தான், சிலையைத் தவிர எதுவும் தெரியவில்லை. கால் முழுக்க அட்டைக்கடி. ஆனால் பேரூர்_பையன் சொல்கிற வெறுமை எனக்கு வரவே இல்லை. வீட்டுக்கு வந்தும் மாதக்கணக்கில் சந்தோஷமாக இருந்தேன். சமைக்கும்போது திடீரென்று அந்தப் பாறை ஞாபகம் வரும், தனியாகச் சிரித்துக்கொள்வேன். அண்ணன் மறுபடி கதை சொல்ல ஆரம்பித்தால் இப்போது "அங்கே கயிறு இடது பக்கம்" என்று நான் திருத்துகிறேன். அவருக்குக் கோபம் வருகிறது, அது தனி சந்தோஷம்.

அதனால் குறிக்கோள் வைத்தால் சந்தோஷம் போய்விடும் என்பதை நான் ஏற்க மாட்டேன். யாருடைய குறிக்கோள் என்பதுதான் கேள்வி. அண்ணா, நேரடியாகவே கேட்கிறேன், உங்கள் லிஸ்டில் நீங்களாக ஆசைப்பட்டு எழுதிய மலை எத்தனை, ரீல்ஸ் பார்த்து எழுதியது எத்தனை? பதவி உயர்வுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள்.


போடி_மெட்டு:

தேனி மாவட்டம். மலைப்பாதையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும் வேலை பார்க்கிறேன், அதனால் என் பேச்சு கொஞ்சம் கறாராக இருக்கும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சந்தோஷம் வருகிறதா இல்லையா என்பதற்கு முன்னால், ஆள் முழுசாக வீட்டுக்கு வந்து சேர்கிறானா என்று பார்ப்பவன் நான். உச்சிதான் குறி என்று வருகிற ஆளுக்குக் காது கேட்காது. மேகம் கறுக்கிறது திரும்பலாம் என்றால் "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்பான். லீவு போட்டாச்சு, பணம் கட்டியாச்சு, ஸ்டேட்டஸ் வேறு போட்டாச்சு. 1996 மே மாதம் எவரெஸ்ட்டில் எட்டுப் பேர் இறந்தார்களே, அன்றைக்கு மதியம் இரண்டு மணி தாண்டியும் பலர் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள், புயல் இறங்குகிற வழியில் பிடித்துக்கொண்டது. அதனால் நான் கீழேயே நேரம் குறித்துவிடுவேன். இத்தனை மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்புவோம், உச்சி அஞ்சு நிமிஷத்தில் இருந்தாலும் சரி. கீழே ஒத்துக்கொண்டு தலையாட்டுபவர்கள் மேலே போனதும் சண்டைக்கு வருவார்கள். பழகிவிட்டது.

குரங்கணியை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2018 மார்ச் 11, கொழுக்குமலையில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். எல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மனம் வரவில்லை. அதற்கு அப்புறம்தான் விதிமுறை, அனுமதி, வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது என்பதெல்லாம் கறாரானது. 2024-இல் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளை ஆன்லைன் பதிவோடு திறந்தது. தீ பிடிக்கிற காலத்தில் அதையும் நிறுத்தி வைக்கிறார்கள். நிறுத்தினால் போனில் என்னைத் திட்டுகிறார்கள், "ஆறு மாசமா பிளான் பண்ணினோம்" என்று. காட்டுக்கு உங்கள் பிளான் தெரியாது.

அப்புறம், எல்லாரும் ஏறுவதையே பேசுகிறீர்கள், இறங்குவதை யாரும் பேசவில்லை. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும், அதில்தான் தசைக்குள் நுணுக்கமான சேதம் ஆகிறது. அந்த வலி உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்து ஆபீஸ் மாடிப்படி இறங்கும்போது கத்துவீர்கள். கால் மடங்குவது, சறுக்கி விழுவது எல்லாம் நான் பார்த்த வரைக்கும் இறக்கத்தில்தான் அதிகம், அதுவும் உச்சியைத் தொட்டுவிட்டோம், வேலை முடிந்தது என்ற நினைப்பில் கவனம் விட்டவர்களுக்குத்தான். உச்சி என்பது பாதி வழி. நீங்கள் சதுரகிரியில் டிக் போட்டது பாதி வழியில். மீதிப் பாதியை பஸ் நேரத்தை நினைத்துக்கொண்டே இறங்கியிருக்கிறீர்கள், அங்கே என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியுமா?

உச்சிக்குப் போகாமல் திரும்பிய ஆட்களில் சிலர் மறுபடி மறுபடி என்னிடமே வருகிறார்கள். உச்சி தொட்டவர்கள் பெரும்பாலும் வருவதில்லை. ஏன் என்று எனக்கும் விளங்கவில்லை, யோசித்துப் பார்த்திருக்கிறேன்.


மஸ்கெலியாக்காரன்:

இலங்கை மலையகத்தில் இருந்து. எங்கள் தோட்டத்தில் இருந்து பார்த்தால் சிவனொளிபாதமலை தெரியும், 2,243 மீட்டர். சீசன் மார்கழி போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி வைகாசி வெசாக் பௌர்ணமி வரைக்கும். நாங்கள் சிவன் பாதம் என்கிறோம், சிங்கள மக்கள் புத்தர் பாதம் என்கிறார்கள், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆதாம் பாதம் என்று வருகிறார்கள். ஒரே படியில்தான் எல்லாரும் மூச்சு வாங்குவது.

எண்ணுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். மேலே ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறுகிறாயோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். முதல் தடவை வந்தவன் ஒன்று அடிப்பான். வயதான ஆட்கள் சிலர் அடிக்க ஆரம்பித்தால் நிற்காது, பின்னால் வரிசை நிற்கும், யாரும் முணுமுணுக்க மாட்டார்கள், சின்னப் பிள்ளைகள் விரலை விட்டு எண்ணுவார்கள். இதுவும் கணக்குத்தான், பேரூர்த் தம்பி போடுகிற டிக் மாதிரிதான். ஆனால் எல்லாம் ஒரே மலையின் கணக்கு. அது முடிகிற கணக்கு இல்லை, அதனால் முடிந்துவிட்டதே என்ற கவலையும் யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

முதல் தடவை ஏறுகிறவர்களுக்கு வழியில் ஒரு இடம் உண்டு, அங்கே ஊசியில் நூல் கோத்துக் குத்திவிட்டு நூலை இழுத்துக்கொண்டே மேலே போவார்கள். புத்தர் அங்கே உட்கார்ந்து அங்கியைத் தைத்தார் என்பது நம்பிக்கை. சீசனில் பார்த்தால் படியோரம் முழுக்க வெள்ளை நூல், யாருடைய நூல் எங்கே அறுந்தது என்று தெரியாது.

நல்லதண்ணி வழியாக ஐயாயிரத்துக்கும் மேல் படி. விடிகிற நேரத்தில் மேலே எல்லாரும் கிழக்கே திரும்பிப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது மேற்குப் பக்கம் போய்ப் பாருங்கள், மலையின் நிழல் முக்கோணமாக, நறுக்கி வைத்த மாதிரி, கீழே மூட்டத்தின் மேல் விழுந்து கிடக்கும். கொஞ்ச நேரம்தான், வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். எங்கள் மாமா சீசனில் படிக்கடைகளுக்கு மூட்டை தூக்கினவர். மாவு, சீனி, சோடாக் கேஸ், கேஸ் சிலிண்டர் எல்லாம் முதுகில்தான் ஏறும். மலை ஏறினால் மனசு லேசாகும் என்று யாராவது சொன்னால் அவர் சிரிப்பார், "மூட்டையை இறக்கினால் லேசாகும்" என்பார். அவருக்கு உச்சியும் இல்லை, வெறுமையும் இல்லை, கூலி கைக்கு வந்ததா என்பதுதான். ஆனால் அவரும் வருசத்துக்கு ஒரு தடவை, மூட்டை இல்லாமல், வெள்ளை வேட்டி கட்டி, மாமியைக் கூட்டிக்கொண்டு ஏறுவார். அந்தத் தடவைக்கு மட்டும்தான் மணி அடிப்பார். மூட்டையோடு ஏறியதை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை என்று கேட்டால் "அது வேலை" என்பார்.


கிளாஸ்கோ_மழை:

@மஸ்கெலியாக்காரன் உங்கள் மாமாவை எங்கள் மலையேற்றச் சங்கத்துக்குத் தலைவராகப் போடலாம்.


பேரூர்_பையன்:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, இரண்டு தடவை படித்தேன்.

சாரல் கேட்ட கேள்விதான் குத்தியது. உண்மையைச் சொன்னால் வெள்ளியங்கிரி ஒன்றுதான் நானாக ஆசைப்பட்டது. பேரூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மேற்கே அந்த வரிசை தெரியும், பள்ளிக்கூடக் காலத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மற்றதெல்லாம் வீடியோவில் பார்த்து, நல்லா இருக்கே என்று சேர்த்தது. ஆனால் ஒன்று, வீடியோ பார்த்துப் போனாலும் பர்வதமலையில் கடப்பாறை நெட்டு என்கிற செங்குத்து ஏற்றத்தில் சங்கிலியைப் பிடித்துத் தொங்கியபோது பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்ததே, அது என்னுடையதுதான், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதனால் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. போன பிறகும் ஆசை வரலாம் இல்லையா?

போடி அண்ணா, இறங்கிய வழியில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு ஓடை, அதில் ஒருத்தர் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் வருகிறது.

சிறுவாணி ஐயா, அடுத்த சீசனில் நீங்கள் போகும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன். தேங்காய் விலை தெரியாது, வேண்டுமானால் சர்வர் விலை பேசலாம்.

கேதார்காந்தாவுக்கு அட்வான்ஸ் கட்டச் சொல்கிற நண்பனிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதவி உயர்வு விஷயம் மட்டும் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. அங்கே லிஸ்ட் நான் எழுதியதே இல்லை, கம்பெனி எழுதிக் கொடுக்கிறது, வேண்டாம் என்றால் பக்கத்து சீட்டுக்காரர் போய்விடுவார். அதை வேறு திரியில் கேட்கிறேன்.

@மஸ்கெலியாக்காரன் ஒரு உதவி. சிவனொளிபாதத்துக்குக் கொழும்பில் இருந்து எப்படி வருவது, எந்த மாதம் நல்லது?


கிளாஸ்கோ_மழை:

இதோ, அடுத்த லிஸ்ட் ஆரம்பித்துவிட்டார்!


மஸ்கெலியாக்காரன்:

கொழும்புக் கோட்டையில் இருந்து அட்டனுக்கு ரயில், பதுளைப் பக்கம் போகிறது எதுவானாலும் நிற்கும். அட்டனில் இருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ், சீசனில் ராத்திரியும் ஓடும். தை, மாசியில் வாருங்கள், வானம் தெளிவாக இருக்கும். போயா நாளிலும் சனி ஞாயிறிலும் வர வேண்டாம், படியில் நின்று நின்றே விடிந்துவிடும், மேலே போக முன்னமே வெயில் வந்துவிடும். ராத்திரி ஒன்றரை, இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினால் சரியாக இருக்கும். வேகமாக ஏறிப் போய் மேலே குளிரில் நடுங்க வேண்டாம், வழியில் தேநீர்க்கடைகள் இருக்கின்றன, உட்கார்ந்து போகலாம். ஸ்வெட்டர், காதை மூட ஒரு துணி, டார்ச். சப்பாத்து (ஷூ) மேலே கழற்ற வேண்டும், அதனால் தடிப்பான காலுறை கொண்டு வாருங்கள், தரை ஐஸ் மாதிரி இருக்கும்.